கையில் ஏந்திய எஞ்சின்: ரிச்சர்டு டிரெவிதிக் வாழ்க்கை வரலாறு

மைசூரில் வாழும் நம் குடும்பங்களில் இரயில்வே அருங்காட்சியகத்தைக் காணாத குழந்தைகள் மிகச் சிலரே இருப்பர். மண்டி மொஹல்லாவிலிருந்து நடந்தே சென்று வரக்கூடிய தொலைவில், கிருஷ்ணராஜசாகரம் செல்லும் சாலையின் ஓரத்தில், 1979ஆம் ஆண்டு முதல் அது இருந்து வருகிறது. விடுமுறை நாளில் அங்கே சென்று, பணி முடித்து ஓய்ந்து நிற்கும் நீராவி எஞ்சின்களைச் சுற்றிச் சுற்றி வந்த சிறுவர்கள், வீடு திரும்பியதும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இதை முதன்முதலில் செய்தவர் யார் என்பதே அது. பெரியவர்களில் சிலர் ஜேம்ஸ் வாட் என்பார்கள். வேறு சிலர் ஜார்ஜ் ஸ்டீவன்சன் என்பார்கள். பள்ளிப் பாடத்தில் நாம் படித்து மனத்தில் நிறுத்திய பெயர்கள் இவ்விரண்டே.

வாட் செய்த எஞ்சின் நின்ற இடத்திலேயே நின்று நீர் இறைத்தது. ஸ்டீவன்சன் இரயில் வண்டியை உலகம் நம்பி ஏறும் ஊர்தியாக வளர்த்தார். இவ்விருவருக்கும் நடுவே, தண்டவாளத்தின் மீது சுமையுடன் ஓடிய முதல் நீராவி எஞ்சினைக் கட்டிய பெருமகன் ஒருவர் இருந்தார். அவர் பெயர் ரிச்சர்டு டிரெவிதிக். பெரிய எஞ்சினைக் கட்டுவதற்கு முன் அவர் தம் வீட்டில் வைத்து ஓட்டியது, மேசை மேல் அடங்கும் ஒரு சிறு மாதிரி எஞ்சின். அவருடைய புகழுக்கு அதுவே தோற்றுவாய். அவர் பட்ட துன்பங்களுள் ஒன்றுக்கும், அந்தச் சிறிய உருவம் அவருக்குச் சொல்லாமல் விட்ட ஓர் உண்மையே காரணமாயிற்று. உலோகத் தகட்டையும் செப்புக் குழாயையும் கையில் எடுத்துத் தாமே மாதிரி எஞ்சின் செய்து பார்க்க விரும்பும் இளைஞர்கள் இவ்வரலாற்றை அறிவது நன்று.

சுரங்க நாட்டின் மைந்தர்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய கால் போல அமைந்திருப்பது கார்ன்வால். வெள்ளீயமும் செம்பும் அம்மண்ணின் செல்வம். அங்கே இல்லோகன் என்னும் வட்டாரத்தில் 1771ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் டிரெவிதிக் பிறந்தார். தந்தையார் சுரங்கங்களில் மேற்பார்வைப் பொறுப்பு வகித்தவர். பெண் மக்கள் ஐவருடன் பிறந்த ஒரே ஆண் மகன் இவர்.

காம்போர்ன் என்னும் சிற்றூர்ப் பள்ளியில் இவருக்கு நற்பெயர் கிட்டவில்லை. பாடத்தில் கவனம் இல்லை, சொன்னதைக் கேட்பதில்லை என்பது ஆசிரியரின் முறையீடு. ஆனால் கணக்கு மட்டும் இவருக்கு எளிதில் கைவந்தது. ஆசிரியர் காட்டிய வழியை விட்டுத் தமக்கே உரிய வழியில் சென்று சரியான விடையைக் கண்டுவிடுவார். உடலோ வியக்கத்தக்க வலிமை வாய்ந்தது. 6 அடி 2 அங்குல உயரம், மற்போரில் தேர்ச்சி, பெரிய சம்மட்டியை எஞ்சின் கொட்டகையின் கூரைக்கு மேலாக வீசி எறியும் ஆற்றல். கார்ன்வால் நாட்டு அரக்கன் என்று ஊரார் அன்புடன் அழைத்தனர். 19 வயதில் சுரங்க வேலையில் சேர்ந்தார். வயதில் மூத்தவர்களும் இவரிடம் யோசனை கேட்கும் நிலை விரைவிலேயே உண்டாயிற்று.

அந்நாளில் சுரங்க முதலாளிகளை வாட்டிய கவலை இரண்டு. ஆழம் தோண்டத் தோண்ட நீர் ஊறிப் பெருகியது. அதை இரவு பகலாக இறைத்தாக வேண்டும். இறைக்கும் எஞ்சினுக்கு நிலக்கரி வேண்டும். கார்ன்வாலிலோ நிலக்கரி இல்லை. வேல்ஸ் நாட்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். ஜேம்ஸ் வாட்டின் எஞ்சின் கரியை மிச்சப்படுத்தியது உண்மையே. ஆனால் பழைய நியூகாமன் எஞ்சினோடு ஒப்பிட்டு, மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டும் அவருடைய கூட்டாளி போல்ட்டனும் உரிமைத் தொகையாக வாங்கி வந்தனர். 1800ஆம் ஆண்டு வரை அவ்வுரிமைக்குச் சட்டத்தின் காவல் இருந்தது. அந்த வேலியைத் தாண்ட முயன்ற இளம் பொறியாளர்களுள் டிரெவிதிக்கும் ஒருவர். அதனால் நீதிமன்றத் தடை ஆணையையும் அவர் எதிர்கொள்ள நேர்ந்தது.

வலிய நீராவி

வாட்டின் எஞ்சின் இயங்கிய முறையைச் சற்றே அறிந்தால்தான் டிரெவிதிக் செய்த புதுமை விளங்கும். வாட் பயன்படுத்திய நீராவியின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சிறிதே மிகுந்தது. உருளைக்குள் புகுந்த ஆவியைத் தனிக் கலம் ஒன்றில் குளிரச் செய்தால் அது நீராகச் சுருங்கும். உருளையில் வெற்றிடம் உண்டாகும். அதன் துணையால் உந்துதண்டு நகரும். இதற்குக் குளிர்விக்கும் கலமும், காற்றை வெளியேற்றும் பம்பும், வீடு போன்ற கட்டடமும் தேவைப்பட்டன. இத்தகைய எஞ்சினைச் சக்கரத்தின் மேல் ஏற்றுவது கனவிலும் நடவாது. அழுத்தம் மிகுந்த ஆவியைக் கொதிகலனில் அடைப்பது உயிருக்கு ஆபத்து என்று வாட் உறுதியாக நம்பினார்.

டிரெவிதிக் வேறு விதமாக எண்ணினார். ஆவியை வலிமையாக அடைத்து வைத்து, அதன் சொந்த வலிமையாலேயே உந்துதண்டைத் தள்ளி, வேலை முடிந்ததும் வெளியே விட்டுவிட்டால் என்ன? குளிர்விக்கும் கலம் வேண்டாம், பம்பு வேண்டாம், கட்டடமும் வேண்டாம். இதனால் எவ்வளவு ஆற்றல் வீணாகும் என்று தம் நண்பர் டேவிஸ் கிடியிடம் கேட்டார். கிடி கணிதம் அறிந்தவர். பிற்காலத்தில் டேவிஸ் கில்பர்ட் என்று பெயர் மாற்றிக்கொண்டு ராயல் சொசைட்டியின் தலைவராக விளங்கியவர். ஆவியின் அழுத்தம் எவ்வளவாயினும், வெளிக்காற்றின் அழுத்தம் ஒன்றின் அளவுதான் இழப்பு என்று அவர் கணக்கிட்டுக் கூறினார். அழுத்தம் மிகுந்த எஞ்சினில் அவ்விழப்பு சிறு பங்கே. விடையைக் கேட்ட டிரெவிதிக் மகிழ்ச்சி தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தாராம்.

மேசை மேல் ஓடிய எஞ்சின்

நீராவியால் ஓடும் சிறு வண்டியைக் கார்ன்வாலில் முதலில் ஓட்டிக் காட்டியவர் வில்லியம் மர்டாக். அவர் வாட்டின் கம்பெனியில் பணியாற்றியவர். காம்போர்னுக்கு அருகில் உள்ள ரெட்ரூத் என்னும் ஊரில், 1784ஆம் ஆண்டில், மூன்று சக்கரமும் சாராய விளக்கும் கொண்ட ஒரு மாதிரியைச் செய்தார். டிரெவிதிக்குக்கு அப்பொழுது வயது 13. மர்டாக் அதை ஓர் இரவில் தெருவில் ஓட விட்டபோது, எதிரே வந்த பாதிரியார் பேயென்று அஞ்சி அலறினார் என்பது அவ்வூரில் வழங்கும் கதை. 1786இல் அதற்கு உரிமைப் பதிவு பெறுவதற்காக மர்டாக் லண்டனுக்குப் புறப்பட்டார். போல்ட்டன் அவரை வழியிலேயே சந்தித்து, அறிவுரை கூறித் திருப்பி அனுப்பிவிட்டார். அத்துடன் அம்முயற்சி ஓய்ந்தது.

டிரெவிதிக் 1797ஆம் ஆண்டில் ஜேன் ஹார்வி என்னும் நங்கையை மணந்தார். ஹேய்ல் துறைமுகத்தில் வார்ப்படச் சாலை நடத்திய குடும்பம் அம்மையாருடையது. வார்ப்பதற்கும் கடைவதற்கும் தேவையான வசதிகள் மாமனார் வீட்டிலேயே கிடைத்தன. அவ்வாண்டுகளில்தான் டிரெவிதிக்கின் மாதிரி எஞ்சின்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருவாயின. அவற்றுள் ஒன்று இன்றும் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் காக்கப்பட்டு வருகிறது.

அவற்றின் அமைப்பு எளிமையானது. கொதிகலனும் எஞ்சினும் தனித்தனியாக இல்லாமல் ஒரே உடலாக இணைந்திருந்தன. ஒரு மாதிரியில் விளக்குக்கும் அடுப்புக்கும் இடமில்லை. கொதிகலனில் வெந்நீரை ஊற்றி, அதனுள் செல்லும் குழாயில் நெருப்பெனப் பழுத்த இரும்புத் துண்டைச் செருகுவார்கள். நீர் கொதித்து ஆவி கிளம்பும், சக்கரம் சுழலும், அச்சிறு வண்டி மேசையைச் சுற்றி வரும். இரும்பு ஆறியதும் ஓட்டம் நிற்கும். நம் வீடுகளில் துணிக்கு மடிப்புப் போட, கொல்லன் உலையில் காய்ச்சிய இரும்பைப் பெட்டிக்குள் வைத்த காலம் உண்டல்லவா, அதைப் போன்றதே இது.

மற்றொரு மாதிரி காம்போர்ன் இல்லத்தில் இயக்கப்பட்டபோது, அதைக் காண அவ்வட்டாரத்துப் பிரபுவான டி டன்ஸ்டன்வில் தம் மனைவியாருடன் வந்திருந்தார். டேவிஸ் கிடி துருத்தியைப் பிடித்து நெருப்பை ஊதினார். சீமாட்டியார் தம் கையால் குழாயைத் திருப்பி ஆவியைத் திறந்துவிட்டார். நாட்டின் பேரறிஞர் ஒருவர் கரி தள்ளுபவராகவும், சீமாட்டி ஒருவர் எஞ்சின் ஓட்டுநராகவும் அமைந்த அக்காட்சி, அடுப்பங்கரையில் நடந்த ஒரு குடும்ப வேடிக்கை போலவே முடிந்தது. பின்னாளில் கண்டங்களை இணைக்கப் போகும் ஊர்தியின் ஒத்திகை அது என்பதை அன்று கூடியிருந்தோர் எங்ஙனம் அறிவர்?

குன்றேறிய பிசாசு

அடுத்து எழுந்தது ஓர் ஐயம். வழவழப்பான சக்கரத்தை எஞ்சின் சுழற்றினால், அது தரையைப் பற்றி வண்டியை முன்னே செலுத்துமா, அல்லது இருந்த இடத்திலேயே வழுக்கிச் சுழலுமா? டிரெவிதிக்கும் கிடியும் ஒரு குதிரை வண்டியின் குதிரையை அவிழ்த்துவிட்டு, அதன் சக்கரங்களை மட்டும் கையால் திருப்பி, மேட்டில் ஏற்றிப் பார்த்தனர். சக்கரம் வழுக்கவில்லை, வண்டி ஏறியது. ஐயம் தீர்ந்தது.

1801ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், கிறிஸ்துமஸ் விழாவின் முதல் நாள் மாலை, காம்போர்ன் குன்றுச் சாலையில் டிரெவிதிக்கின் பெரிய நீராவி வண்டி புறப்பட்டது. ஊரார் பலர் தாவி ஏறிக்கொண்டனர். அவ்வளவு பேரையும் சுமந்துகொண்டு அது மேட்டில் ஏறியது. புகையும் ஓசையும் கலந்த அதன் வருகையைக் கண்டவர்கள் அதற்குப் புகை கக்கும் பிசாசு என்று பெயரிட்டனர்.

அப்பெருமை ஒரு வாரமும் நிலைக்கவில்லை. சில நாள்களில் வண்டி வழியில் பழுதாயிற்று. அதை ஒரு கொட்டகைக்குள் தள்ளிவிட்டு, டிரெவிதிக்கும் தோழர்களும் அருகில் இருந்த விடுதியில் வாத்துக் கறியும் மதுவும் உண்டு களித்தனர். நெருப்பை அணைக்க யாரும் நினைக்கவில்லை. கொதிகலனில் நீர் வற்றியது, இரும்பு பழுத்தது, வண்டியும் கொட்டகையும் எரிந்து போயின. இவருடைய வாழ்வு முழுவதையும் இந்நிகழ்ச்சி முன்கூட்டியே காட்டிவிட்டது எனலாம். செயற்கரிய செயலைச் செய்து முடிப்பார். அதை அணை கட்டிக் காக்கும் பொறுமை மட்டும் இராது.

1802இல் தம் உறவினர் ஆண்ட்ரூ விவியனுடன் சேர்ந்து உரிமைப் பதிவு பெற்றார். அவ்வாண்டே கோல்புரூக்டேல் இரும்பாலையில், சதுர அங்குலத்துக்கு 145 பவுண்டு அழுத்தத்தில் ஓர் எஞ்சினை இயக்கிக் காட்டினார். 1803இல் லண்டன் தெருக்களில் நீராவிக் கோச்சு வண்டி ஒன்றை ஓட்டினார். குதிரை வண்டியைவிடச் செலவு மிகுதி, குலுக்கலும் மிகுதி என்று நகரத்தார் கைவிட்டனர்.

அதே ஆண்டில் கிரீனிச்சில் ஒரு பெருந்துன்பம் நேர்ந்தது. நீர் இறைக்க வைத்திருந்த இவருடைய எஞ்சின் ஒன்றின் காவலுக்கு இருந்த சிறுவன், அதை விட்டுவிட்டு விலாங்கு மீன் பிடிக்கப் போய்விட்டான். பாதுகாப்பு வால்வு திறவாத நிலையில் மற்றொருவன் எஞ்சினை நிறுத்தினான். கொதிகலன் வெடித்து 4 பேர் மாண்டனர். வலிய நீராவி எமனுக்கு ஒப்பானது என்று முன்பே கூறி வந்தவர்களுக்கு அது நல்ல சான்றாயிற்று. டிரெவிதிக் மனம் தளராமல் குறையைத் திருத்த முற்பட்டார். கொதிகலனுக்கு ஒரு வால்வுக்குப் பதில் இரண்டு வால்வுகளைப் பொருத்தினார். நெருப்புப் படும் இடத்தில் ஈய அடைப்பான் ஒன்றை வைத்தார். நீர்மட்டம் தாழ்ந்தால் ஈயம் உருகும்; ஆவி பாய்ந்து நெருப்பைத் தணிக்கும். இன்று கைப்பிடி அளவு மாதிரி எஞ்சின் செய்பவரும் பாதுகாப்பு வால்வு இல்லாமல் செய்வதில்லை. கொதிகலனை முதலில் குளிர்ந்த நீரால் நிரப்பி, இயங்கும் அழுத்தத்தைப் போல் இரு மடங்கு அழுத்தம் கொடுத்துச் சோதித்த பிறகே நெருப்பைக் காட்டுகின்றனர்.

பந்தயத்தில் வென்ற எஞ்சின்

தெற்கு வேல்ஸ் நாட்டின் மெர்தர் டிட்வில் என்னும் ஊரில் பெனிடாரன் இரும்பாலை இருந்தது. அதன் உரிமையாளர் சாமுவேல் ஹோம்ஃப்ரே. 10 டன் இரும்பைக் குதிரையின் உதவியின்றி நீராவியால் இழுத்துச் செல்ல முடியும் என்று அவர், மற்றோர் ஆலை அதிபரான ரிச்சர்டு கிராஷேயிடம் 500 கினி பந்தயம் கட்டினார். 1804ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் டிரெவிதிக் தம் எஞ்சினை வார்ப்பிரும்புத் தண்டவாளத்தில் ஏற்றினார். பின்னால் 5 பெட்டிகள். அவற்றில் 10 டன் இரும்பு. அதன் மேல் வேடிக்கையாக ஏறிக்கொண்டவர்கள் 70 பேர். வழியில் நீட்டிக்கொண்டிருந்த மரங்களையும் பாறைகளையும் ஆங்காங்கே அகற்றிக்கொண்டு, 9¾ மைல் தொலைவை 4 மணி 5 நிமிடத்தில் எஞ்சின் கடந்தது. தண்டவாளத்தின் மீது நீராவியால் சுமை இழுத்த முதல் பயணம் இதுவே.

உருளையிலிருந்து வெளியேறும் ஆவியை அவர் புகைபோக்கிக்குள் திருப்பிவிட்டார். அது மேலே பாயும்போது நெருப்பின் காற்றையும் உடன் இழுத்தது. நெருப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. எஞ்சின் எவ்வளவுக்குக் கடுமையாக உழைக்கிறதோ அவ்வளவுக்கு நெருப்பும் தானே வளரும். நீராவி இரயிலின் மூச்சொலி என்று நாம் கேட்டு மகிழ்ந்த அந்தச் சக்கு-புக்கு ஓசையின் காரணம் இதுதான்.

பந்தயம் வென்றது, தண்டவாளம் தோற்றது. ஏறத்தாழ 5 டன் எடையுள்ள எஞ்சினைத் தாங்க மாட்டாமல் வார்ப்பிரும்புத் தகடுகள் ஒவ்வொன்றாக உடைந்தன. சில ஓட்டங்களுக்குப் பின் எஞ்சினைச் சக்கரத்திலிருந்து இறக்கி, நின்ற இடத்து வேலைக்குப் பயன்படுத்தினர். மறு ஆண்டில் வடக்கே வைலம் சுரங்கத்துக்காகச் செய்த எஞ்சினும் மரத் தண்டவாளத்துக்குப் பாரமாகிப் பயனற்றுப் போயிற்று.

மாதிரி சொல்லாமல் விட்ட உண்மை

இங்கே சற்று நின்று சிந்திப்போம். மேசை மேல் அவ்வளவு நன்றாக ஓடிய எஞ்சின், பெரிதானவுடன் பாதையை உடைத்தது ஏன்?

ஒரு பொருளை எட்டில் ஒரு பங்கு அளவில் செய்வதாகக் கொள்வோம். அதன் நீளம் எட்டில் ஒன்றாகும். அதன் பரப்பு அறுபத்து நான்கில் ஒன்றாகும். அதன் எடையோ 512இல் ஒன்றாகிவிடும். எனவே மாதிரியின் சக்கரம் தன் பாதையின் ஒவ்வொரு சிறு பரப்பின் மீதும் சுமத்தும் பாரம், பெரிய எஞ்சின் சுமத்துவதில் எட்டில் ஒரு பங்கே. மேசைப் பலகை உடையாதது மேசையின் வலிமையால் அன்று, மாதிரியின் சிறுமையால். வலிய நீராவி வேலை செய்யும் என்பதை மாதிரி உண்மையாகச் சொல்லிற்று. பாதை தாங்குமா என்பதை அதனால் சொல்ல முடியவில்லை.

மாதிரி செய்வோர் எதிர்ப்புறத்திலிருந்தும் இவ்விதியைச் சந்திக்கின்றனர். பெரிய எஞ்சினை அப்படியே குறுக்கிவிட்டால், கொதிகலனின் கொள்ளளவு மிக விரைவாகக் குறைகிறது. வெப்பத்தை இழக்கும் வெளிப்பரப்பு அவ்வளவு குறைவதில்லை. ஆகவே சிறிய கொதிகலன் விரைவில் ஆறிவிடும். அதனால்தான் அவர்கள் கொதிகலனைச் சுற்றி வெப்பம் கடத்தாத உறை போர்த்துகின்றனர். குழாய்களின் எண்ணிக்கையைக் குறைத்து, ஒவ்வொன்றின் விட்டத்தையும் சற்றே பெரிதாக்குகின்றனர். அளவை மாற்றினால் அமைப்பையும் மாற்ற வேண்டும் என்பது அவர்கள் கைகண்ட பாடம். டிரெவிதிக் அதை உடைந்த தண்டவாளங்களைக் கண்டு கற்றார்.

முடிந்தால் பிடி

1808இல் இறுதியாக ஒரு முறை முயன்றார். லண்டனில் புளூம்ஸ்பரிப் பகுதியில் வட்டமாகத் தண்டவாளம் அமைத்து, சுற்றிலும் உயர்ந்த வேலி எழுப்பி, கண்காட்சி நடத்தினார். அந்த எஞ்சினுக்கு முடிந்தால் என்னைப் பிடி என்ற பொருளில் பெயர் சூட்டியவர் டேவிஸ் கிடியின் சகோதரி. கட்டணம் ஒரு ஷில்லிங். விரும்பியவர் பின்னே இணைத்த வண்டியில் ஏறிச் சுற்றலாம். மணிக்கு 12 மைல் வேகம் வரை அது ஓடியது. ஆனால் கீழே மண் மென்மையானது. எஞ்சினின் எடையோ 8 டன். மீண்டும் தண்டவாளம் உடைந்தது; எஞ்சின் கவிழ்ந்தது; கையில் இருந்த பொருளும் கரைந்தது. அதன்பின் அவர் இரயில் எஞ்சின் கட்டவே இல்லை.

அதே காலத்தில் தேம்ஸ் ஆற்றின் அடியில் சுரங்கப் பாதை தோண்டும் பொறுப்பை ஏற்று, ஏறத்தாழ 1000 அடி தோண்டிய நிலையில் ஆறு உட்புகுந்து அதுவும் நின்றது. 1810இல் கொடிய காய்ச்சல் கண்டு கார்ன்வாலுக்குத் திரும்பினார். 1811இல் திவாலானார். இத்தனைக்குப் பிறகும் 1812இல், கரியை மிகச் சிக்கனமாக எரிக்கும் கொதிகலனையும் எஞ்சினையும் அமைத்து, கார்ன்வால் சுரங்கங்களுக்கே புது வாழ்வு அளித்தார். கதிரடிக்கும் நீராவிப் பொறியையும் அவ்வாண்டே உழவர்க்குச் செய்து தந்தார்.

கடல் கடந்த மாதிரி

இரண்டாம் முறையாக ஒரு மாதிரி எஞ்சின் அவருடைய தலைவிதியை மாற்றியது. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் ஆண்டிஸ் மலைமேல், கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 4300 மீட்டர் உயரத்தில், செரோ டி பாஸ்கோ வெள்ளிச் சுரங்கங்கள் உள்ளன. அவையும் நீரில் மூழ்கிக் கிடந்தன. எஞ்சின் தேடி 1811இல் இங்கிலாந்துக்கு வந்த பிரான்சிஸ்கோ உவில்லே என்பவரிடம், அவ்வளவு உயரத்தில் வாட்டின் எஞ்சின் பயன்படாது என்று கூறிவிட்டனர். வெளிக்காற்றின் அழுத்தத்தை நம்பிய எஞ்சின், காற்று மெலிந்த மலையுச்சியில் வலுவிழப்பது இயல்பே.

மனம் சோர்ந்து லண்டன் தெருவில் நடந்த உவில்லே, ஒரு கடையின் முகப்பில் டிரெவிதிக் வகை எஞ்சினின் மாதிரி ஒன்றைக் கண்டார். 20 கினி கொடுத்து வாங்கினார். கப்பலிலும் கோவேறு கழுதை முதுகிலும் அதை ஏற்றிச் சென்று, மலையுச்சியில் நெருப்பு மூட்டினார். அது ஓடியது! தன் சொந்த வலிமையால் இயங்கிய எஞ்சினுக்குக் காற்றின் தயவு தேவைப்படவில்லை. உவில்லே மீண்டும் இங்கிலாந்துக்கு வந்து டிரெவிதிக்கைத் தேடிக் கண்டார். 1814இல் 9 எஞ்சின்கள் பெருவுக்குக் கப்பலேறின. 1816ஆம் ஆண்டு அக்டோபரில் டிரெவிதிக்கே பென்சான்ஸ் துறையிலிருந்து புறப்பட்டார்.

அங்கே பெரும்பொருள் அவருக்காகக் காத்திருந்தது. அத்துடன் போரும் காத்திருந்தது. ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து எழுந்த விடுதலைப் போரில் சுரங்கங்கள் கைமாறின, இயந்திரங்கள் பாழாயின. சைமன் பொலிவாரின் படையிலும் டிரெவிதிக் சில காலம் பணி செய்ய நேர்ந்தது. பின்னர்க் கோஸ்டா ரிகாவுக்குச் சென்றார். அங்கிருந்து காட்டு வழியே கீழ்க்கரையை அடைய முயன்று, ஆற்று வெள்ளத்திலும் முதலை வாயிலும் சிக்கி மயிரிழையில் உயிர் தப்பினார்.

1827இல் கார்ட்டஹேனா துறைமுகத்தில் கையில் காசின்றி நின்றவரைச் சந்தித்தவர் ராபர்ட் ஸ்டீவன்சன். ஜார்ஜ் ஸ்டீவன்சனின் மகன் அவர். ஊர் திரும்ப 50 பவுண்டு கொடுத்து உதவினார். இரயில் எஞ்சினின் எதிர்காலம் எவர் கையில் இருந்ததோ அவர், அதைத் தொடங்கி வைத்தவருக்குக் கப்பல் கட்டணம் தந்த அக்காட்சியை எண்ணும்போது நம் மனம் கனக்கிறது. இரண்டே ஆண்டுகளில், 1829இல், ரெயின்ஹில் போட்டியில் ஸ்டீவன்சன்களின் ராக்கெட் எஞ்சின் வெற்றி பெற்று உலகப் புகழ் அடைந்தது. புகைபோக்கிக்குள் ஆவியைச் செலுத்தும் முறை அதிலும் இருந்தது.

இந்த 11 ஆண்டுகளும் ஜேன் அம்மையார் ஆறு மக்களுடன் ஹேயிலில் இருந்தார். தம் பிறந்த வீட்டாரின் துணையோடு விடுதி ஒன்றை நடத்திக் குடும்பத்தைக் காத்தார். கணவர் கட்டிய எஞ்சின்களைப் பற்றி எழுதுவோர் அம்மையார் கட்டிக் காத்த இல்லத்தையும் ஒரு வரியாவது எழுதுதல் வேண்டும்.

இறுதி நாள்கள்

தாயகம் திரும்பிய டிரெவிதிக், தம் கண்டுபிடிப்புகளால் நாடு அடைந்த பயனைக் காட்டி நாடாளுமன்றத்திடம் உதவி வேண்டினார். ஒன்றும் கிட்டவில்லை. 1832இல், தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தின் நினைவாக 1000 அடி உயரத்தில் வார்ப்பிரும்புத் தூண் எழுப்பத் திட்டம் தீட்டினார். அறுபதைக் கடந்த வயதிலும் அவருடைய கற்பனைக்கு முதுமை வரவில்லை.

டார்ட்ஃபோர்டு என்னும் ஊரில் ஜான் ஹாலின் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது நுரையீரல் காய்ச்சல் கண்டது. 1833ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆம் நாள், தங்கியிருந்த விடுதியில், உற்றார் அருகில் இல்லாத நிலையில் உயிர் நீத்தார். அடக்கச் செலவுக்கும் பணம் இல்லை. ஹால் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து பணம் திரட்டி, தாங்களே சுமந்து சென்று அடக்கம் செய்தனர். சவக்குழியைத் தோண்டிப் பிணம் திருடும் கொடியவர்கள் இருந்த காலம் அது. ஆகவே இரவுக் காவலும் வைத்தனர். கல்லறையில் பெயர் பொறித்த கல் எதுவும் நாட்டப்படவில்லை.

அவருடைய மகன் பிரான்சிஸ், குரூ நகர் இரயில்வே பணிமனையின் எஞ்சின் பிரிவுத் தலைவராக உயர்ந்து, 1872இல் தந்தையின் வரலாற்றை நூலாக எழுதினார். பேரன் ரிச்சர்டு பிரான்சிஸ் ஜப்பானுக்குச் சென்று, 1893இல் அந்நாட்டில் கட்டப்பட்ட முதல் இரயில் எஞ்சினைக் கோபே நகரில் உருவாக்கினார்.

நம் நாட்டுக்கும் அந்த நெருப்பின் பொறி விரைவில் வந்தது. 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடியது. 1882இல் பெங்களூரிலிருந்து மைசூருக்குப் பாதை வந்து சேர்ந்தது. அப்பொழுது மைசூரின் திவானாக இருந்தவர் செங்கற்பட்டுச் சீமையிலிருந்து வந்த ரங்காசார்லு. நீராவிக் காலம் முடிந்துவிட்டது என்று உலகம் கூறிய பின்னரும், 2010களில் திருச்சிராப்பள்ளியின் பொன்மலைப் பணிமனைத் தொழிலாளர்கள் உதகை மலைப் பாதைக்காகப் புதிய நீராவி எஞ்சின்களைத் தம் கைகளால் கட்டி முடித்தனர்.

காம்போர்ன் நகரில் நூல்நிலையத்தின் முன்பாக 1932ஆம் ஆண்டில் டிரெவிதிக்குக்கு ஒரு சிலை எடுத்தனர். பேரரசர்களின் சிலைகளில் வாள் இருக்கும். அறிஞர்களின் சிலைகளில் நூல் இருக்கும். கவராயமும் கையுமாக நிற்கும் டிரெவிதிக் சிலையின் மற்றொரு கரத்தில் இருப்பது ஒரு சிறு மாதிரி எஞ்சின். அவருடைய உடல் கிடக்கும் இடத்தைச் சுட்டக் கல் இல்லாமற் போனாலும், அவர் உள்ளம் கிடந்த இடத்தைச் சிற்பி சரியாகவே அறிந்திருக்கிறார்.

அடுத்த விடுமுறையில் நம் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும்போது, இதை முதலில் செய்தவர் யார் என்று அவர்கள் கேட்டால், டிரெவிதிக்கின் பெயரைச் சொல்வோம். வீட்டுக்கு வந்து தகரத்தையும் கம்பியையும் பரப்பி வைத்து அவர்கள் ஏதேனும் செய்யத் தொடங்கினால், வீண் வேலை என்று கடிந்துகொள்ளாதிருப்போம். நெருப்பு மூட்டும் வேளையில் மட்டும் பெரியவர் ஒருவர் அருகில் இருப்போம். முடிந்ததும் அதை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போவோம்.